பூங்காவில் பெருநாள் விழா: பிரிட்டனில் முதல்முறை நடத்துவோருக்கு

பெருநாள் என்றைக்கு என்பதைப் பிறை முடிவு செய்யும். பூங்கா என்றைக்குக் கிடைக்கும் என்பதைக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) முடிவு செய்யும். பிரிட்டனில் எல்லா மதத்தவரும் வந்துபோகும் பெருநாள் விழா ஒன்றை நடத்தலாம் என்று கிளம்பும் புதிய குழுக்கள் பெரும்பாலும் முதலில் இடறுவது இங்கேதான். கவுன்சில் மாதக்கணக்கில் முன்னதாகத் தேதி கேட்கும். உங்களுக்கோ முந்தைய நாள் இரவுதான் உறுதியாகத் தெரியும். பிறை விஷயத்தில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிவாசல்களும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அதனால் தொழுகையையும் விழாவையும் ஒரே நாளில் சேர்த்துக் கட்டாதீர்கள். தொழுகை பெருநாள் காலையில் நடக்கட்டும். விழாவை அதற்கு அடுத்து வரும் சனி அல்லது ஞாயிறில் வையுங்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மேயர் அலுவலகம் 2006 முதல் நடத்திவரும் ஈத் விழாவும் வாரக்கடைசியில்தான் நடக்கிறது. அலுவலகம், பள்ளிக்கூடம் என்று விடுப்பு கிடைக்காதவர்களும் வரலாம், பிறைத் தகராறும் இல்லை.

இரண்டையும் ஒரே காலையில் சேர்த்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் பூங்காவில் கிரீன் லேன் பள்ளிவாசல் நடத்தும் பெருநாள் தொழுகை அப்படித்தான்: தொழுகை முடிந்த கையோடு அதே திடலில் கடைகள், ராட்டினங்கள். 2017இல் ஒரு லட்சம் பேர், 2018இல் 1,40,000 பேர் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதற்குப் பின்னால் பெரிய பள்ளிவாசல் ஒன்றின் ஆள்பலமும் பல வருடப் பழக்கமும் இருக்கின்றன. முதல் வருடத்தில் 400 முதல் 800 பேர் வரை வரும் விழா போதும்.

எந்தப் பெருநாள்?

ஸ்மால் ஹீத்தின் அந்த இரண்டு வருடங்களிலும் நோன்புப் பெருநாள் ஜூன் மாதத்தில் வந்தது. இஸ்லாமிய வருடம் 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் இப்போது நிலைமை வேறு. 2026இல் நோன்புப் பெருநாள் மார்ச் 20 வாக்கில், 2027இல் மார்ச் 10 வாக்கில், 2028இல் பிப்ரவரிக் கடைசியில். அந்தப் பருவத்தில் பூங்காப் புல்தரை பஞ்சு போல ஊறிக் கிடக்கும். வேன் ஒன்று ஏறினாலே சேறு. நோன்புப் பெருநாளுக்கு மண்டபம் பிடியுங்கள். பூங்காவை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 2026இல் மே 27 வாக்கில், 2027இல் மே 16 வாக்கில், 2028இல் மே 5 வாக்கில்.

மார்ச்சில் இன்னொரு வில்லங்கம் கடிகாரம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று இங்கே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2025இல் சவூதி அறிவிப்பைப் பின்பற்றியவர்களுக்குப் பெருநாள் விழுந்தது மார்ச் 30, அதே ஞாயிறு. இப்படி ஒரு நாளில் தொழுகை நேரத்தை அறிவிக்கும்போது "புதிய நேரப்படி" என்று சேர்த்து எழுதாவிட்டால் பாதி ஜமாஅத் குத்பா (தொழுகைக்குப் பின் வரும் உரை) முடியும்போதுதான் வந்து சேரும்.

ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் குர்பானிக் கறி நினைவுக்கு வரும். ஊரில் வீட்டு வாசலில் அறுத்துப் பழகியவர்களுக்கு: பிரிட்டனில் உரிமம் பெற்ற அறுவைக்கூடத்தில் மட்டுமே குர்பானி கொடுக்கலாம். கறிக்கடையில் பதிந்து வைத்தால் அன்று மாலையோ, இரண்டாம் மூன்றாம் நாளோ கைக்கு வரும். அந்தக் கறியை நம்பி விழாச் சாப்பாட்டைத் திட்டமிடாதீர்கள். விழாவுக்குத் தனியாக வாங்குங்கள்.

காகித வேலை

கவுன்சிலின் பூங்காப் பிரிவுக்கு விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகக் கொடுங்கள். கூடவே திடலின் வரைபடம், இடர் மதிப்பீடு, பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். காப்பீடு பெரும்பாலும் 50 லட்சம் பவுண்டுக்கு, சில கவுன்சில்களில் ஒரு கோடிக்கு. பயப்பட வேண்டாம், அது காப்பீட்டின் உச்சத் தொகை. நீங்கள் கட்டுவது அதில் ஒரு துளி. கூட்டம் பெரிதானால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறையினர் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு ஆலோசனைக் குழு உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். வாகனம் எந்த வாசலில் நுழையும், குழந்தை தொலைந்தால் யார் பொறுப்பு, காற்று அடித்தால் விழாவை நிறுத்தச் சொல்வது யார், இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் வைத்திருங்கள்.

மேடையில் பாட்டு, தஃப் (கைப்பறை) அடிப்பது போன்றவை இருந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு (Temporary Event Notice) தேவைப்படலாம். கட்டணம் 21 பவுண்டு. கொடுத்த நாளையும் விழா நாளையும் கணக்கில் சேர்க்காமல் 10 வேலை நாட்கள் இடைவெளி வேண்டும். மே மாதத்தில் வங்கி விடுமுறை இரண்டு வருவதை மறந்து எண்ணினால் கணக்குத் தவறும். அதைவிட முக்கியம், இந்த அறிவிப்பு செல்லுபடியாவது ஒரே நேரத்தில் 499 பேர் வரைதான், தொண்டர்களையும் கடைக்காரர்களையும் சேர்த்து. அதற்கு மேல் போகும் என்றால், பூங்காவுக்கென்று கவுன்சிலே உரிமம் வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் இருக்கும்; அதன் கீழ் உங்களை அனுமதித்துவிட்டால் வேலை பாதியாகும்.

உண்டியல் ஏந்தி வசூல் செய்வதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஃபித்ராவை (நோன்புப் பெருநாள் தர்மத்தை) விழா வசூலோடு கலக்காதீர்கள். அது நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர்களிடம் போய்ச் சேர வேண்டியது. ஆங்கிலேயரின் ஊர்ச் சந்தைகளில் தவறாமல் இருக்கும் ரேஃபிள் சீட்டை (பரிசுக் குலுக்கலை) நம் விழாவில் வைக்கக் கூடாது. கவுன்சில் பக்கத்திலிருந்து நல்ல மனதோடுதான் யோசனை சொல்வார்கள். சூதாட்டத்தில் சேரும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தொழுகையும் பூங்காவில் என்றால்

பெருநாள் காலையில் திடல் தொழுகையும் நடத்தப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. வெட்டவெளியில் பெருநாள் தொழுவது நபிவழி. செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் கிப்லா, அதாவது தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசை. தமிழ்நாட்டில் மேற்கு பார்த்துத் தொழுது பழகிய கண்ணுக்கு இங்கே எல்லாமே தலைகீழ். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் கிப்லா தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 118 பாகையில். பிரிட்டனில் இப்போது காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் சாதாரணத் திசைகாட்டி போதும். ஆனால் அதை ஜெனரேட்டர் பக்கத்திலோ வேன் மேலோ வைத்துப் பார்க்காதீர்கள், முள் ஓடிவிடும். கைபேசித் திசைகாட்டிக்கும் அதே கதி. திறந்த புல்வெளியின் நடுவில் நின்று, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தூரத்தில் தெரியும் மரத்தையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, விரிப்புகளைப் பூங்கா வேலிக்கு இணையாக அழகாக விரித்துவிடுவது. பார்க்க நேராக இருக்கும், கிப்லாவுக்குக் கோணலாக இருக்கும். விரித்து முடித்த பிறகு திருப்புவது என்றால் இருபது ஆள் வேலை.

முதல் சஃப்புக்கு (தொழுகை வரிசைக்கு) கயிறு இழுத்துக் கட்டுங்கள். அதிலிருந்து 1.2 மீட்டருக்கு ஒரு சஃப். ஓர் ஆளுக்குத் தோள் அகலம் 60 சென்டிமீட்டர் போதும் என்றாலும், நடைபாதை, செருப்பு வைக்கும் இடம், குழந்தைத் தள்ளுவண்டிகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கு வையுங்கள். 500 பேருக்கு 25க்கு 20 மீட்டர் இடம். பெண்கள் பகுதியில் தள்ளுவண்டிகள் கூடுதலாக வரும் என்பதால் அங்கே இன்னும் தாராளமாக விடுங்கள். வெறும் துணி விரித்தால் பனி ஈரம் முழங்காலுக்கு ஏறிவிடும். அடியில் பிளாஸ்டிக் தார்பாய், மேலே விரிப்பு. குளம் உள்ள பூங்காக்களில் வாத்து எச்சம் பெரிய தொல்லை. முந்தைய மாலையில் புல்லைப் பார்த்துச் சுத்தம் செய்தாலும் விடிகாலையில் மறுபடி ஒரு நடை போய்ப் பாருங்கள். நாயோடு நடக்க வருகிறவர்கள் வழக்கம்போல வருவார்கள், பூங்கா அவர்களுடையதும்தான். விரிப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, சிரித்த முகமாக இரண்டு தொண்டர்களை நிறுத்தினால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

ஒலிபெருக்கி நின்றுபோவதுதான் தொழுகையில் வரக்கூடிய மோசமான கோளாறு. ஜெனரேட்டர் அணைந்தால் பின் சஃப்பில் இருப்பவருக்கு இமாம் ருகூவுக்கு (குனியும் நிலைக்கு) போனதே தெரியாது. பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் ஒன்றை மாற்றாக வையுங்கள். அதற்கும் மேலே, ஐந்தாறு சஃப்புக்கு ஒருவர் வீதம் தக்பீரை ('அல்லாஹு அக்பர்' என்பதை) எடுத்துச் சொல்ல ஆள் நியமித்து, யார் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தக்பீர் எண்ணிக்கையையும் முன்பே அறிவிக்க வேண்டும். பெருநாள் தொழுகைக்குப் பாங்கும் இகாமத்தும் (தொழுகை அழைப்புகள்) இல்லை, நேராகத் தொழுகைதான். ஷாஃபி முறையில் முதல் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ஏழு, இரண்டாவதில் ஐந்து கூடுதல் தக்பீர். ஹனஃபி முறையில் மும்மூன்று, இரண்டாவது ரக்அத்தில் ஓதிய பிறகு, ருகூவுக்கு முன். இலங்கை, காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்கள் பெரும்பாலும் முதல் முறையில் பழகியவர்கள். ராவுத்தர் ஊர்க்காரர்கள் இரண்டாவதில். ஒரே சஃப்பில் இருவரும் நிற்பார்கள். "இன்று ஏழும் ஐந்தும், இமாமைப் பின்தொடருங்கள்" என்று இரண்டு தடவை சொன்னால் போதும், பாதிப் பேர் ருகூவுக்குப் போய்விடும் குழப்பம் இருக்காது.

உளூவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை) வீட்டிலேயே செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூங்காக் குழாயில் 500 பேர் உளூ செய்ய முடியாது.

விழா நாள்

நேரத்தை 12 முதல் 5 வரை வையுங்கள். மே மாதத்தில் ளுஹர் (நண்பகல் தொழுகை) ஒரு மணிக்குச் சற்றுப் பின் வருகிறது, அஸர் (மாலைத் தொழுகை) ஐந்துக்குப் பிறகுதான். ஆக இடையில் ஒரே ஒரு தொழுகை இடைவேளை. 1.30க்கு மேடையை நிறுத்திவிட்டு, ஓரமாகக் கயிறு கட்டிய இடத்தில் தொழுகை. விருந்தினருக்கு மைக்கில் ஒரு வரி சொன்னால் போதும்: "கால் மணி நேரம் தொழுகை, கடைகள் திறந்திருக்கும், பார்க்க விரும்புகிறவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம்." விழா "எல்லாருக்கும்" என்று சுவரொட்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்தவரை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க வைப்பதுதான் பல விழாக்களின் குறை. வாசலில் வரவேற்பு மேசை, பேரீச்சம்பழத் தட்டு, ஒரு பக்க நிகழ்ச்சி நிரல். மேசையில் நிற்பவர் பேச்சுக்காரராக இருக்கட்டும். மேடைப் பேச்சு ஆளுக்கு ஐந்து நிமிடம். கவுன்சிலருக்கும் அதே ஐந்து.

இசை விஷயத்தைக் குழு முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும். தஃப் மட்டும் போதும் என்பவர்களும், எந்தக் கருவியும் வேண்டாம் என்பவர்களும், கவலையே படாதவர்களும் ஒரே ஜமாஅத்தில் இருப்பார்கள். விழா நாளன்று மேடைக்குப் பின்னால் இந்தப் பேச்சு எழுந்தால் ஒரு குடும்பமாவது கோபித்துக்கொண்டு போகும். தஃப்போடு நஷீத் (இஸ்லாமியப் பாடல்) என்பது பெரும்பாலும் எல்லாரும் இறங்கிவரக்கூடிய இடம்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு நீங்கள்தான் கெடுபிடியாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிந்திருக்கிறாரா, சுகாதார மதிப்பெண் ஐந்துக்கு எத்தனை, ஹலால் இறைச்சி எங்கே வாங்குகிறார் என்பதைப் படிவத்தில் எழுதி வாங்குங்கள். மதிப்பெண் நான்குக்குக் கீழே இருந்தால், சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பிரியாணியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டால் வயிறு நிறையச் சாப்பிடுபவர்கள் பத்துப் பேர்; விழாவில் விற்கும் சிறு பெட்டி என்றால் 18 முதல் 20 பெட்டி. அதனால் 400 பெட்டிக்கு 20 முதல் 22 கிலோ அரிசி. இதை ஒரே தேக்சாவில் (பெரிய பிரியாணிப் பாத்திரத்தில்) போடாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள். தம் உடைக்காத தேக்சா சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். மூடியைத் திறந்து அள்ள ஆரம்பித்ததும் மேல்சோறு மளமளவென்று ஆறும். பிரிட்டனில் சூடாக விற்கும் உணவு 63 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும், அதுவும் ஒரே முறைதான். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி அரை மணிக்கு ஒரு தடவை தேக்சாவின் நடுவில் அல்ல, ஓரத்தில் குத்திப் பாருங்கள். முதலில் ஆறுவது ஓரம்தான். விறகு அடுப்புக்குப் பூங்காவில் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது, சமைத்துக் கொண்டுவருவதே நல்லது.

இலங்கைக் குடும்பங்கள் வட்டிலப்பம் கொண்டுவராமல் இருக்காது. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, முந்திரி. அதை எட்டு பாகைக்குக் கீழே குளிரில் வைக்க வேண்டும்; மேசையில் எடுத்து வைத்தால் நான்கு மணி நேரம் வரைதான், அதன்பின் மிச்சத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்து விற்கக் கூடாது. முட்டையும் முந்திரியும் இங்கே கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் வருகின்றன. முந்திரி தூவாத தட்டு ஒன்றைத் தனியாக வைத்தால் மட்டும் போதாது, கரண்டியும் தனி.

மருதாணிக் கடைக்காரரிடம் "கருப்பு மருதாணி" இருந்தால் அனுமதிக்காதீர்கள். அதில் கலக்கும் முடிச்சாயப் பொருள் தோலில் கொப்புளம் கிளப்பும்; தோலில் பூசுவது சட்டப்படியும் தடை. பச்சை இலைப் பொடியில் குழைத்த மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும்.

குதிக்கும் காற்றுக்கோட்டை இல்லாத விழாவுக்குக் குழந்தைகள் வரமாட்டார்கள். காற்றின் வேகம் மணிக்கு 24 மைலைத் தாண்டினால் அதில் ஒரு குழந்தைகூட இருக்கக் கூடாது, காற்றை இறக்கிவிட வேண்டும். கையில் பிடிக்கும் காற்றுவேகமானி மலிவுதான். வீச்சு அடிக்கும்போது பார்க்க வேண்டும், அடங்கியிருக்கும்போது அல்ல. கோட்டை தருபவரிடம் அந்த வருடச் சோதனைச் சான்றைக் கேட்டு, முளைகள் எல்லாம் அடித்திருக்கிறதா என்று நீங்களே சுற்றி வந்து எண்ணுங்கள். குறைந்தது ஆறு இருக்க வேண்டும். கெஸீபோக் கூடாரங்களும் அப்படித்தான்: நான்கு காலுக்கும் எடை கட்டாமல் விட்ட கூடாரம் ஒரே வீச்சில் பக்கத்துக் கடை மேல் போய் விழும். கவுன்சிலைக் கேட்காமல் முளை அடிக்காதீர்கள், மண்ணுக்கடியில் மின்கம்பி போகலாம்.

கழிப்பறைக்கு இங்கே புழங்கும் கணக்கு, ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த நிகழ்ச்சியில் 100 பெண்களுக்கு ஒன்று, 500 ஆண்களுக்கு ஒன்று, 150 ஆண்களுக்கு ஒரு சிறுநீர்க் கழிப்பிடம். சரிபாதி ஆண், பெண் என்று எண்ணினால் 800 பேருக்குப் பெண்கள் பக்கம் நான்கு வரும். நம் விழாவுக்கு அது போதாது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஆறோ ஏழோ சொல்லுங்கள், சக்கர நாற்காலிக்கு ஏற்றது ஒன்று தனியாக. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிய குவளை வைக்க ஒரு தொண்டரை நியமியுங்கள். இதை மட்டும் எந்த வாடகைக் கம்பெனியும் செய்து தராது.

குழந்தை தொலைவது கட்டாயம் நடக்கும். வாசலிலேயே காகித வளையல் கட்டி அதில் பெற்றோர் கைபேசி எண்ணை எழுதுங்கள். பெயரை எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை யாரோடும் போய்விடும். கிடைத்த குழந்தையை வைத்துக்கொள்ளும் கூடாரத்தில் எப்போதும் பின்னணிச் சரிபார்ப்பு முடித்த பெரியவர்கள் இருவர், ஒருவர் பெண். மைக்கில் அங்க அடையாளம் சொல்லி அறிவிக்காதீர்கள், பெற்றோரைக் கூடாரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இரண்டு வாரம் முன்னதாகத் துண்டுச்சீட்டு போடுங்கள். நேரம், சத்தம் எப்போது நிற்கும், வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் கூப்பிட வேண்டிய எண், மூன்றும் அதில் இருக்கட்டும். அந்த எண்ணை எடுப்பவர் மேடையில் இல்லாதவராக இருக்க வேண்டும். புகார்களில் முக்கால்வாசி வண்டி நிறுத்துவதைப் பற்றித்தான் வரும்.

முடிந்த பிறகு

கடைகள் ஐந்துக்கு மூடினாலும் நடமாட்டம் அடங்க ஆறாகும். அதுவரை ஒரு வண்டியையும் புல்லில் ஏற்றாதீர்கள். இருபது பேர் கைகோத்த வரிசையாக நடந்து குப்பை பொறுக்கினால் முக்கால் மணி நேரத்தில் முடியும். தேக்சா கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடுவார்கள், கண்காணியுங்கள்; வாளியில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் வழி. பூங்கா அலுவலர் மறுநாள் வந்து பார்த்து, புல் பெயர்ந்திருந்தால் பிணைத்தொகையில் பிடித்துக்கொள்வார். விழாவுக்கு முந்தைய நாளே தேதி தெரியும்படி திடலின் நான்கு மூலைகளையும் வாசல் வழியையும் படம் எடுத்து அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய பள்ளத்துக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்காது.